நாணயங்களில் எபிரேய ஆண்டைப் படித்தறிதல்

இஸ்ரேலின் புழக்க நாணயங்களில் ஆண்டு எபிரேய எழுத்துகளால் பொறிக்கப்படுவதால், அவற்றைச் சேகரிப்போருக்கு மொழியறிவைவிட எழுத்துகளின் எண்மதிப்பை அறிந்திருத்தலே முதல் தேவையாகிறது. அந்நெடுங்கணக்கின் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையும், அடுத்த ஒன்பது 10 முதல் 90 வரையும், இறுதி நான்கு 100 முதல் 400 வரையும் மதிப்புடையவை. இம்முறையில் இடமதிப்பு இல்லை. எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படித்து, மதிப்புகளைக் கூட்டினாலே போதுமானது.

புதிய நாட்டின் முதல் நாணயமான 25 மில் அலுமினியக் காசில் தாவ் (400), ஷின் (300), ஹேத் (8) ஆகிய எழுத்துகள் காணப்படின், அவற்றின் கூட்டுத்தொகை 708; அன்று ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கமாதலின், அது 5708ஆம் ஆண்டைக் குறிக்கும். கடைசி எழுத்துக்கு முன் வரும் இரட்டைக் கீற்றுக்கு மதிப்பில்லை. அது எண் என்பதற்கான அடையாளம் மட்டுமே. இவ்வாறு கிடைக்கும் மூன்றிலக்க எண்ணோடு 1240ஐக் கூட்டினால் 1948 என்ற பொது ஆண்டு கிடைக்கும். எனினும் எபிரேய ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், 5708இன் தொடக்க மாதங்கள் 1947இல் அடங்குகின்றன என்பதையும் கருத்தில் கொள்ளுதல் நன்று.

1985இல் அறிமுகமான புதிய ஷெக்கல் நாணயங்களில் ஆயிரத்துக்குரிய எழுத்தும் முன்னே இடம்பெறுகிறது. 5745 என்பது ஹே, தாவ், ஷின், மேம், ஹே என எழுதப்படும். முதலில் நிற்கும் ஹே 5000ஐயும் இறுதியில் நிற்கும் ஹே 5ஐயும் குறிக்கும். தேய்ந்த காசுகளில் பெரும்பாலும் தடுமாற்றம் நேர்வது இவ்விறுதி எழுத்தில்தான்: ஹேயின் இடக்கால் மேற்கோட்டைத் தொடாது, ஹேத்தின் இடக்கால் தொடும், இச்சிறு இடைவெளியே 1985ஐ 1988இலிருந்து பிரிக்கிறது. ஆகவே பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, உருப்பெருக்கியால் அவ்விடத்தை நோக்குதல் வேண்டும்.

வேறு சில மரபுகளும் அறியத்தக்கவை. யோத்தும் (10) ஹேயும் (5) இணைந்தால் இறைவன் பெயரின் பகுதியாகிவிடும் என்பதால் 15ஐ 9, 6 என்றும், அதே காரணத்தால் 16ஐ 9, 7 என்றும் பிரித்தெழுதுவர். தீய பொருள் தரும் சொல் அமையாதிருக்கும் பொருட்டு, 5744 போன்ற ஆண்டுகளில் எழுத்துகளின் வரிசையை மாற்றுவதுமுண்டு, கூட்டுத்தொகை மாறுவதில்லை. சொல்லின் இறுதியில் காஃப், மேம் ஆகியவை தனி வடிவம் பெறினும் 20, 40 என்னும் மதிப்புகளே நிற்கும்.

பழங்கால நாணயங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. ரோமானியருக்கு எதிரான முதற் கிளர்ச்சியின்போது (பொ.ஆ. 66–70) அடிக்கப்பட்ட வெள்ளி ஷெக்கலில், தொன்மையான எபிரேய வரிவடிவில் ஷின், பேத் என்று இருப்பின், அதனை 302 எனக் கொள்ளுதல் பிழை. அங்கு ஷின் ‘ஆண்டு’ என்பதன் சுருக்கம். பேத் கிளர்ச்சியின் இரண்டாம் ஆண்டைச் சுட்டும். பார் கொக்பா கிளர்ச்சியின் (132–135) காசுகளும் தம் விடுதலையிலிருந்தே ஆண்டை எண்ணின. நவீன நாணயங்களோ மரபுவழி உலகப் படைப்பிலிருந்து எண்ணுகின்றன. எனவே வரிவடிவத்தையும் உலோகத்தையும் உருவத்தையும் கொண்டு, ஆண்டு எதிலிருந்து எண்ணப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்த பின்னரே எழுத்துகளைக் கூட்டத் தொடங்குதல் முறையாகும்.