துளையிட்ட தகடு எவ்வளவு வளையும்?

ஜூரோங் தீவிலும் பெங்கெராங்கிலும் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் நீண்ட உருளை வடிவ வெப்பப் பரிமாற்றிகள் இருக்கின்றன. உள்ளே நூற்றுக்கணக்கான குழாய்கள். குழாய்க்குள் ஒரு திரவம் ஓடும். குழாய்களைச் சுற்றி வேறொன்று ஓடும். இரண்டும் கலக்காமல் தடுப்பது, குழாய் முனைகளைப் பிடித்திருக்கும் தடித்த துளைத் தகடு. ஆலைகளில் அதை ‘டியூப் ஷீட்’ என்பார்கள். இரு புறமும் அழுத்தம் வேறுபடுவதால் அது வளையும். அதிகம் வளைந்தால் குழாயும் தகடும் சேருமிடத்தில் கசிவு தொடங்கும்.

எவ்வளவு வளையும்? ஒரு கணக்கு போடுவோம். துளைகள் முக்கோண வரிசையில் உள்ளன. துளையின் விட்டம் 20 மில்லிமீட்டர். அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையே 25 மில்லிமீட்டர். துளைகளுக்குப் போனது 58 விழுக்காடு, எஞ்சியது 42. அப்படியானால் விறைப்பும் 42 விழுக்காடு இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, கால் பங்குக்கும் கீழே போய்விடும். எஃகின் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். இந்தத் தகடோ 50-க்கும் குறைவான குணகமுள்ள ஓர் இளகிய உலோகம்போல் நடந்துகொள்ளும்.

காரணம் இதுதான். விசை வெற்றிடத்தின் வழியே போக முடியாது. துளைகளுக்கு நடுவே எஞ்சிய 5 மில்லிமீட்டர் பாலங்கள் வழியாகச் சுற்றிச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தக் குறுகிய பாலங்கள் நீள்வதோடு வளையவும் செய்கின்றன. எனவே எவ்வளவு உலோகம் மிஞ்சியது என்பதைவிடப் பாலம் எவ்வளவு அகலம் என்பதே முக்கியம். பால அகலத்தை மைய இடைவெளியால் வகுத்தால் 5/25 = 0.2. வடிவமைப்பாளர் முதலில் தேடும் எண் இது.

ஒவ்வொரு துளையையும் தனித்தனியே கணக்கிடத் தேவையில்லை. துளையே இல்லாத, ஆனால் குணகம் குறைந்த ஒரு கற்பனைத் தகட்டை அங்கே வைத்து வளைவைக் காணலாம். ஓ'டொனல், லாங்கர் இருவரும் 1962-இல் இவ்வழியில் ஒரு வடிவமைப்பு முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் தவறுவது அடுத்த படியில். கற்பனைத் தகட்டில் கிடைத்த தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசையை, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மைப் பாலத்தில் சராசரித் தகைவு அதைப்போல் 5 மடங்கு!

துளைகளின் வரிசைக்கும் பங்குண்டு. முக்கோண வரிசையில், தகட்டின் தளத்தில் எத்திசையில் இழுத்தாலும் விறைப்பு ஒன்றே. சதுர வரிசை அப்படியல்ல. ஒரு கைக்குட்டையை நூல்வாக்கில் இழுங்கள். பிறகு மூலைக்கு மூலை இழுங்கள், எளிதில் நீளும். சதுர வரிசைத் தகடும் மூலைவிட்டத் திசையில் இப்படித்தான் இளகுகிறது. ஆனாலும் அதைக் கைவிடவில்லை. குழாய்களுக்கு இடையே நேரான சந்து கிடைப்பதால், வெளிப்புறம் படியும் அழுக்கைச் சுரண்டி எடுக்க அதுவே வசதி.