ஏரிக்குள் போன ஊரையும் படி

அன்புள்ள மகளுக்கு,

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. சீனத்து ஆறுகளின் வரலாற்றையே எடுக்கப்போகிறாய் என்றதும் நெஞ்சு நிறைந்தது. முப்பது ஆண்டுகள் இதே ஆவணங்களோடு கிடந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

உன் ஆய்வுத் திட்டம் கார்ல் விட்ஃபோகலில் தொடங்குகிறது. பெரும் நீர்ப்பணிகளே கீழை நாடுகளில் கொடுங்கோல் அரசை வளர்த்தன என்று 1957இல் அவர் எழுதியதை மறுக்கப் பார்க்கிறாய். வேண்டாம்மா. அதைப் பலர் மறுத்து முடித்தாயிற்று. ஒரு கரையை எடு, ஒரு ஏரியை எடு. 1112இல் உருவான ஷியாங் ஏரி ஒன்றையே பிடித்துக்கொண்டு வரலாற்றாசிரியர் கீத் ஷாப்பா ஒன்பது நூற்றாண்டுச் சீன வாழ்க்கையை எழுதினார். பாசன நீருக்காக ஏரியைக் காத்தவர்களும் அதைத் தூர்த்து நிலமாக்கத் துடித்தவர்களும் தலைமுறை தலைமுறையாக மோதியதை அங்கே பார்க்கலாம்.

எனக்கு வாய்த்தது ஹோங்சே ஏரி. அதன் கதை மஞ்சள் ஆற்றில் தொடங்குகிறது. 1128இல் ஜின் அரசின் படையைத் தடுக்க சோங் அரசின் தரப்பினர் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்தார்கள். ஆறு தெற்கே திரும்பி, காலப்போக்கில் ஹுவாய் ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. 1855இல் மறுபடி வடக்கே போகும்வரை அதை அடக்குவதே அரசுகளின் ஓயாத வேலை. லோயஸ் மேட்டுநிலத்தின் மண்ணைக் கரைத்து வரும் ஆறு அது. வண்டல் படியப் படிய ஆற்றின் அடி உயரும், கரையையும் உயர்த்த வேண்டும். 1578இல் மூன்றாம் முறையாக ஆற்றுப் பராமரிப்புப் பொறுப்பேற்ற மிங் அதிகாரி பான் ஜிஷுன் வேறு வழி கண்டார். நெருக்கமான கரைகளுக்குள் ஆற்றை அடக்கினால் வேகம் கூடும். வேகமே மண்ணை அரித்துக் கடலுக்குத் தள்ளும். துணைக்கு, காவோஜியாயன் கரையை எழுப்பி ஹுவாயின் தெளிந்த நீரைத் தேக்கி, மஞ்சள் ஆற்றுக்குள் பாய்ச்சினார். நுட்பமான வேலை. பெய்ஜிங்குக்கு வரித் தானியம் சுமந்த பெருங்கால்வாய் பிழைத்தது. தேக்கிய நீர் எங்கே போகும்? ஹோங்சே ஏரி விரிந்துகொண்டே போனது. 1680இல் ஸிஜோ நகரம் அதற்குள் மூழ்கியது. மிங் பேரரசர்களின் முன்னோர் கல்லறையும் தப்பவில்லை.

பான் ஜிஷுன் 1590இல் எழுதி முடித்த நூலைப் படித்தால் அவர் வென்றார் என்று தோன்றும். மூழ்கிய வட்டாரத்தின் ஏடுகளைப் படித்தால்தான் அந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரியும். என் முதல் கட்டுரையில் முன்னதை மட்டும் நம்பினேன். இன்றும் அது என்னை வருத்துகிறது.

அதிகாரிகளின் அறிக்கைகளிலும் எச்சரிக்கை வேண்டும். சிங் வம்சக் காலத்தில், செப்பனிட்ட கரை குறித்த கெடுவுக்குள் உடைந்தால் பொறுப்பான அதிகாரி செலவில் ஒரு பங்கைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஆகவே ‘கண்டிராத வெள்ளம்’ என்று ஒருவர் எழுதினால், கரை எப்போது கட்டப்பட்டது, பொறுப்பு யாருடையது என்று முதலில் பார். மழை அளவை அதற்குப் பிறகு தேடலாம்.

செவ்வியல் சீனத்துக்கு இரண்டு ஆண்டுகளை முழுதாகக் கொடு. பழைய ஏடுகளில் பெரும்பாலும் நிறுத்தற்குறி இராது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். ஜப்பானிய மொழியும் தேவைப்படும். சீன நீர் வரலாற்றில் ஜப்பானியர் செய்திருக்கும் வேலை ஏராளம். சிங் அரண்மனை ஆவணங்கள் பெய்ஜிங்கிலும் தைபெயிலும் பிரிந்து கிடக்கின்றன. ஒரு காப்பகத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதே. வண்டலை அளக்கத் தெரிந்த பொறியாளர்களோடு பழகு. நாம் வெறும் சொல்லாகக் கடந்துபோகும் இடத்தில் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வேலை கிடைப்பது தாமதமாகலாம். இந்தத் துறையில் ஆய்வுக்கே எட்டு, பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. வீட்டாரிடம் அதை இப்போதே சொல்லிவிடு.

முதல் விடுமுறையிலேயே ஹோங்சே ஏரிக்குப் போய் வா. காவோஜியாயன் கரை இன்னும் நிற்கிறது. அதன் மேல் நின்று ஏரியையும், மறுபக்கம் தாழ்ந்து கிடக்கும் வயல்களையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்