பழைய பொறியும் புதிய வண்டியும்

இயந்திரவியலைப் புத்தகத்தாற் கற்போர் பலர். கையாற் கற்போர் சிலர். இரண்டினையும் ஒருங்கே கற்றற்கு எளிய வழி யாது என வினவும் மாணவர்க்கு, கைவிடப்பட்ட பொறியொன்றைக் கொண்டு சிறு வண்டியொன்று செய்து பார்த்தலே என விடை கூறுவோம். ‘கோ-கார்ட்’ என வழங்கும் இவ்வண்டியை மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடத்தக்கதாக அமைக்கும் முறையையும், அதனைச் செய்தவிடத்து நாம் பட்டறிந்த பாடமொன்றையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

வரலாறு

இவ்வண்டியின் பிறப்பே எஞ்சிக் கிடந்த பொறியொன்றைச் சார்ந்தது. 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பந்தயக் கார்கள் செய்யும் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்த ஆட் இங்கெல்ஸ் என்பார், தம் நண்பர் லூ பொரெல்லியின் துணையுடன், புல்வெட்டும் இயந்திரத்திற்குரிய ஈரடிப்புப் பொறியொன்றை உருக்குக் குழாய்ச் சட்டத்திற் பொருத்தி ஓட்டினார். அதன் வலு ஏறக்குறைய இரண்டரைப் பரிவலுவே. பசதீனா நகரத்து ரோஸ் போல் விளையாட்டரங்கின் வாகனத் தரிப்பிடத்தில் அது ஓடக் கண்டோர் தாமும் அவ்வாறு செய்ய விழைந்தனர். சில ஆண்டுகளில் அது பல நாடுகளிற் பரவிய விளையாட்டாயிற்று.

பொறி

யாழ்ப்பாணத்திற் புல்வெட்டும் பொறி அரிது. நீரிறைக்கும் பொறியோ அரிதன்று. துலா மிதிக்கும் வழக்கம் அருகிய பின்னர் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீரிறைத்தவை பெரும்பாலும் மண்ணெண்ணெய்ப் பொறிகளே. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடிய மோட்டார் சைக்கிள்களைக் கண்டவர் எம் பழைய மாணவருட் பலர். பழுதுற்றதை எறியாது திருத்திப் பயன்கொள்ளல் எமக்குப் புதிய வித்தையன்று.

ஏறத்தாழ 160 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நாலடிப்புப் பொறி 5 பரிவலுவளவு தரும்; நிமிடத்துக்கு 3600 சுற்றுவரை சுழலும். கிணற்றடியிற் கிடந்த பொறியை எடுத்தவுடன் கழற்றிப் பரப்பிவிடலாகாது. முதலிற் கயிற்றை மெல்ல இழுத்து உள்ளே அமுக்கம் உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். அடுத்துப் பிளக்கைக் கழற்றி அதன் முனையில் தீப்பொறி எழுகின்றதோ என நோக்குதல் வேண்டும். பின்னர் காபரேற்றரைத் துப்புரவாக்கிப் பழைய எண்ணெயை மாற்றுதல் வேண்டும். இவை செவ்வனே அமையின் பொறி பெரும்பாலும் உயிர்பெறும்.

இப்பொறிகளுட் பல, அடியிலுள்ள எண்ணெயைச் சிதறச் செய்தே உள்ளுறுப்புக்களை நனைப்பன. ஆதலின் அவற்றைச் சாய்த்துப் பொருத்துதல் தவறு. கவர்ணர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுறுப்பைக் கழற்றுதலும் தவறு. கழற்றினால் அளவிறந்த சுழற்சியாற் பொறி சிதறவுங் கூடும்.

வேகக் குறைப்பு

40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.26 மீற்றர் செல்லும். அதனைப் பொறியுடன் நேரே இணைப்பின், 3600 சுற்றுக்கு வண்டி மணிக்கு 270 கிலோமீற்றருக்கு மேற் செல்லல் வேண்டும். உண்மையில் அது செல்லாது; பாரத்தை அசைக்கமாட்டாது பொறி நின்றுவிடும். ஆகவே சுழற்சியைக் குறைத்தல் இன்றியமையாதது.

பொறியிலுள்ள 12 பற்சில்லிலிருந்து இடைத்தண்டிலுள்ள 36 பற்சில்லுக்கு ஒரு சங்கிலியும், அவ்விடைத்தண்டிலுள்ள 15 பற்சில்லிலிருந்து பின் அச்சிலுள்ள 50 பற்சில்லுக்கு மற்றொரு சங்கிலியும் பூட்டுவோமாயின், முதற்படியில் 3 மடங்கும் இரண்டாம் படியில் 3⅓ மடங்கும் ஆகப் பெருக்கத்தில் 10 மடங்கு குறைப்புக் கிடைக்கும். வண்டியின் வேகம் மணிக்கு 27 கிலோமீற்றராகும். சில்லைத் திருப்பும் திறனோ, உராய்வால் இழப்பது போக, ஏறக்குறையப் பத்து மடங்காகும். வேகத்தை விற்று விசையை வாங்குதல் என இதனைக் கூறலாம். மணலில் ஓடுதற்கு வேண்டுவது விசையே.

பொறியின் தண்டில் மையநீக்கக் கிளச்சொன்றைப் பூட்டுதல் நன்று. பொறி மெல்லச் சுழலும்போது அதன் கட்டைகள் உள்ளே அடங்கியிருக்கும். விரைந்து சுழலும்போது வெளியே விலகி உருளையைப் பற்றிக்கொள்ளும். இதனால் வண்டி நிற்கவும் பொறி நில்லாது ஓடும்.

சட்டமும் திருப்பமும்

சட்டத்தை மெல்லுருக்குக் குழாயாற் செய்தல் வேண்டும். பற்றவைப்பில் அனுபவமில்லாதவர் அவ்வேலையைக் கராச்சுத் தொழிலாளரிடம் ஒப்படைத்தலே முறை. கல்லும் வேரும் இடியாதவாறு சட்டம் நிலத்தினின்று உயர்ந்திருத்தல் வேண்டும். ஆயின் உயரங் கூடின் வண்டி எளிதிற் கவிழும். ஆதலாற் சில்லுகளின் இடைத்தூரத்தை அகலமாக்கி, இருக்கையை இயன்றவரை தாழ்த்தல் வேண்டும்.

வளைவில் உட்சில்லு சிறிய வட்டத்திலும் வெளிச்சில்லு பெரிய வட்டத்திலும் செல்வதால், முன்சில்லுகளுள் உட்புறத்தது கூடிய கோணந் திரும்புதல் வேண்டும். திருப்பு புயங்களை நீட்டினால் அவை பின் அச்சின் நடுவிற் சந்திக்குமாறு அமைப்பின் இது பெரும்பாலும் நிறைவேறும். செருமனியைச் சேர்ந்த லங்கென்ஸ்பேர்கர் குதிரை வண்டிக்கெனக் கண்ட முறை இது. 1818 இல் இலண்டனில் அவர்பொருட்டு அதற்கு உரிமை பெற்ற அக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

தடுப்பு

பிறேக்கு எனப்படும் தடுப்பைப் பற்றி இறுதியிற் கூறுகின்றோமாயினும், முதலிற் செய்யவேண்டியது அதுவே. இதனை நாம் அறிந்த விதம் வருமாறு.

மாணவராயிருந்த காலத்தில் நாம் நால்வர் கூடி இத்தகைய வண்டியொன்று செய்தோம். பொறியை உயிர்ப்பிக்க ஆறு வாரம் உழைத்தோம். தடுப்பை ஒரு பிற்பகலிற் செய்து முடித்தோம். பூட்டுதற்கு இலகுவென்று கருதி அதனை இடைத்தண்டிற் பூட்டினோம். வெள்ளோட்ட நாளில் எம்முள் இளையவனே ஓட்டினான். உறவினர் ஒருவரின் பனங்காணியில் வண்டி விரைந்து செல்கையிற் பின்சங்கிலி கழன்றது. அவன் தடுப்பை மிதித்தான். இடைத்தண்டு நின்றது, வண்டி நிற்கவில்லை. சங்கிலியற்ற சில்லுகளுக்குத் தடுப்பு ஏது? கிடுகு வேலியைப் பிளந்து அப்பாலிருந்த மதிலில் மோதியதில் அவன் இடக்கை முறிந்தது.

வைத்தியசாலைக்கு வந்த எம் ஆசிரியர் எம்மை ஏசவில்லை.

“தம்பிமார், பொறிக்கு எவ்வளவு காலம் செலவழித்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

“ஆறு வாரம், சேர்” என்றோம்.

“தடுப்புக்கு?”

நாம் விடை கூறவில்லை.

ஆளும் வண்டியும் சேர்ந்து 150 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 27 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 7.5 மீற்றர், வேகத்தில் அதன் இயக்கச் சத்தி ஏறக்குறைய 4200 யூல். வேகம் இருமடங்காயின் சத்தி நான்மடங்காகும். அச்சத்தி முழுவதையும் வெப்பமாக மாற்றிக் கழிப்பதே தடுப்பின் தொழில். ஆதலின் அது நேரே பின் அச்சிற் பூட்டப்படல் வேண்டும். பின்சில்லிரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருத்தலால் ஒரு தடுப்பு இரண்டையும் நிறுத்தும். இளகிய மணலில் உட்சில்லு சற்றே வழுக்கித் திரும்புமாதலால், கார்களிலுள்ள வேற்றுமைப் பற்சில்லுத் தொகுதி இங்கு வேண்டியதில்லை.

சங்கிலிகளுக்கு மூடியும், ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்திற் பொறியை நிறுத்தும் ஆளியும், தலைக்கவசமும் தவிர்க்கலாகாதன. எரிபொருட்கலம் வெப்பமான புகைக்குழாயை அணுகியிருத்தல் கூடாது. பதிவு பெறாத இவ்வண்டியைப் பொது வீதியில் ஓட்டுதல் சட்டத்துக்கு மாறானது.

முடிவுரை

இரண்டாம் முறை வண்டி செய்தபோது, பொறி பூட்டுமுன் தடுப்பைப் பூட்டினோம். வெறுஞ் சட்டத்தைத் தள்ளிவிட்டும் கயிற்றால் இழுத்தும் மூன்று வாரம் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் அதிலமர்ந்து மிதித்துப் பார்த்தவன் கை முறிந்து ஆறிய அவ்விளையவனே. “இனிப் பொறியைப் பூட்டலாம்” என்று அவன் சொன்ன பின்னரே பூட்டினோம்.

பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். மின்பம்பி வந்தபின் கிணற்றடியில் துருவேறிக் கிடக்கும் பொறி உங்கள் வீட்டில் இருப்பின், அதனைப் பழைய இரும்பு விலைக்குக் கொடாது கல்லூரித் தொழிற்கூடத்துக்கு அளியுங்கள். மாணவர் அதனை ஓடச் செய்வர்; ஐயமில்லை. அதனை நிறுத்தவும் அவர் முன்னரே கற்றிருத்தல் வேண்டும் என்பதே எம் அவா.