பட்டியலில் சேராத சிப்பாய்கள்
முதல் உலகப்போர்ப் பாடத்துக்கு ஒரு தேடல் பயிற்சி

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் உலகப்போரை நடத்தும்போது ஓர் இடத்தில் மட்டும் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காரும். அது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ‘சரியான எம்டன்’ என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை நம் வகுப்புகளில் குறைவு. கூட்டணிகளும் உடன்படிக்கைகளும் தராத ஆர்வத்தை இந்த ஒரு சொல் தந்துவிடுகிறது. அந்த ஆர்வம் ஆறுவதற்குள் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: போர் தொடங்கியபோது புனித ஜார்ஜ் கோட்டையில் காவலிருந்த படை எது?

ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் முதல் பட்டாலியன். பெயரில் டப்ளின் இருந்தாலும் பிறந்தது மெட்ராஸில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வைத்திருந்த ஐரோப்பியப் படைதான் மெட்ராஸ் பியூசிலியர்ஸ் ஆனது. 1857-இல் நீல் தலைமையில் வடக்கே போனதும் அதே படைதான். கம்பெனி ஆட்சி முடிந்தபின், 1862-இல் அது அரசியின் படையில் 102-ஆவது ரெஜிமென்ட்டாகச் சேர்ந்தது. 1881-இல் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்று பெயர் மாறியது. 1927-இல் சத்தியாகிரகம் நடந்து, 1937-இல் அகற்றப்பட்ட நீல் சிலையையும் இதே இடத்தில் நினைவூட்டலாம். விடுதலைப் போராட்டப் பாடமும் உலகப்போர்ப் பாடமும் ஒரே படைப்பிரிவில் வந்து சந்திப்பதை மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

கோட்டையிலிருந்து கிளம்பிய அந்தப் பட்டாலியன் 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிபோலிக் கரையில் இறங்கியது. படகுகளிலேயே பலர் செத்தார்கள். எஞ்சியவர்களை மன்ஸ்டர் பியூசிலியர்ஸ் என்ற இன்னொரு ஐரிஷ் படையோடு சில நாள் சேர்த்துவைக்க வேண்டிய அளவுக்கு இழப்பு. அன்று இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நான் மாணவர்களைத் தேடச் சொல்வது அவர்களை அல்ல. காயத்தோடும் நோயோடும் உயிர் தப்பி, ‘இனிப் பணிக்கு உதவான்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சில மாதமோ சில ஆண்டோ கழித்துச் சொந்த ஊரில் இறந்தவர்களை. இவர்கள் போரில் இறந்தவர்களா, இல்லையா?

இதற்கு விதி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப்போருக்கு வைத்திருக்கும் காலம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இந்த நாட்களுக்குள் பணியில் இருந்தபடி இறந்தவர், காரணம் எதுவானாலும், போரில் இறந்தவர்தான். முகாமில் காய்ச்சலில் போனாலும், சாலை விபத்தில் போனாலும் சரி. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு அப்படி இல்லை. அதே காலத்துக்குள் இறந்திருக்க வேண்டும். சாவுக்குப் படைப்பணியே காரணம் என்பதற்குச் சான்றும் வேண்டும்.

முகப்பேரில் எங்கள் பள்ளியில் இந்த விதியை மூன்று அட்டைகளாக எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தேன். மூன்றுமே கற்பனைச் சிப்பாய்கள். 1918 அக்டோபரில் முகாமிலேயே இன்ஃபுளுயன்சாவில் இறந்தவர் ஒருவர். நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டு, 1917-இல் விடுவிக்கப்பட்டு, 1920-இல் வீட்டில் இருமி இருமி இறந்தவர் இன்னொருவர். மூன்றாமவருக்கும் அதே நுரையீரல் நோய்தான். இறந்த நாள் மட்டும் 1921 செப்டம்பர் 3. முதலாமவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இரண்டாமவர் காகிதம் கிடைத்தால் சேர்வார். மூன்றாமவர் சேர மாட்டார். ‘மூணு நாள்தானே சார்?’ என்று வகுப்பில் எழும் சத்தத்தை அடக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல விவாதம் அங்கேதான் தொடங்குகிறது. கணக்குக்கு ஒரு கடைசித் தேதி வேண்டும் என்று வாதிட்ட மாணவியும் எங்கள் வகுப்பில் இருந்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

இரண்டாமவருக்கான காகிதத்தை எங்கே தேடுவது? ஐரிஷ் சிப்பாய் என்றால் லண்டனில். ஆனால் 1940 செப்டம்பரில் குண்டுவீச்சில் அங்கிருந்த ஆவணக் கிடங்கு எரிந்து, முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் அழிந்துவிட்டன. தப்பியதில் முக்கியமானது ஓய்வூதியக் கோப்பு. உடல்நலம் கெட்டு விடுவிக்கப்பட்டவர்களின் காகிதங்கள் வேறு இடத்தில் இருந்ததால், நாம் தேடும் ஆட்களுடையவை கொஞ்சம் கூடுதலாகவே பிழைத்திருக்கின்றன. அடுத்தது வெள்ளிப் போர்ச் சின்னம். காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 முதல் தரப்பட்ட இந்தச் சின்னத்துக்கும் தனிப் பேரேடு உண்டு. விடுவிப்புக்கான காரணத்தை இந்தக் காகிதங்கள் சொல்லும். சாவுக்கான காரணத்தை உள்ளூர் இறப்புப் பதிவு சொல்லும். இரண்டும் ஒரே நோயைச் சொன்னால் வழக்கு நிற்கும். தன்னார்வலர்கள் இப்படிப் பொருத்திக் காட்டிய பிறகே ஆயிரக்கணக்கான பெயர்கள் பல ஆண்டுகள் கழித்துப் பட்டியலில் ஏறின.

அயர்லாந்து தன் போர் இறப்புகளை 1923-இல் எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டது. 49,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதற்கு முந்தைய ஆண்டே டப்ளின் பியூசிலியர்ஸ் கலைக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் சீருடையோடு போனவர்கள் திரும்பி வந்தது விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த நாட்டுக்கு. வீட்டிலேயே அவர்களைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். இந்தத் தயக்கம் நமக்கும் புரியும்.

இனி நம் பக்கம். லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் கடந்து போரிட்டார்கள் என்று பாடநூல் சொல்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் மெசபடோமியாவில் பணியாற்றினார்கள். அங்கே எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கர், எகிப்தியர் எனக் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சிலர் எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது கூறியது. பணியில் இறந்தவருக்கே இந்த நிலை என்றால், விடுவிக்கப்பட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்தவரைப் பற்றி என்ன சொல்வது?

தேட வழியில்லாமல் இல்லை. 1899-ஆம் ஆண்டு மெட்ராஸ் சட்டத்தின்படி பிறப்பு இறப்புகள் பதிவாயின; கிராமங்களில் அந்தப் பேரேட்டை எழுதியவர் கிராம முன்சீப். பழைய மெட்ராஸ் மாகாணத்தின் சில ஊர்களில், இங்கிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நம் ஆட்கள். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். படை எண், பெயர், பிரிவு ஆகியவை அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். 1914–18 போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் தரப்பட்டது. தொழிலாளர் படையில் போனவருக்கு வெண்கலத்தில். வெள்ளி என்பதாலேயே எத்தனை பதக்கம் உருகிப்போனதோ!

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. முனிசாமி என்ற பெயரை வெள்ளைக்கார எழுத்தர் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார் என்று மாணவர்களை எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஒரு குழு பதினொன்று கண்டுபிடித்தது. ஐரிஷ் பெயர்களிலும் இதே சிக்கல்தான். ‘ஓ பிரையன்’ ஓரிடத்தில் ‘ஓ’ இழந்து வெறும் ‘பிரையன்’ ஆகியிருப்பார். ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். பெயரை மட்டும் நம்பாமல் படைப்பிரிவு, இறந்த ஆண்டு என்று மாற்றி மாற்றித் தேடப் பழக்க வேண்டும். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

மேற்குச் சென்னைப் பள்ளிகளுக்கு நேரில் பார்க்கவும் இடமிருக்கிறது. மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரின் கல்லறைகள். அவற்றைத் தாண்டிப் பின்பக்கம் போனால் மெட்ராஸ் 1914–1918 நினைவுச்சின்னம். இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் அடக்கமாகி, அங்கே தொடர்ந்து பராமரிக்க முடியாமல் போன 1,000-க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் அதில் உள்ளன. நாற்பது பேரை ஒரேயடியாக அழைத்துப்போவதைவிட இருபது இருபதாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பெயரையும் படைப்பிரிவையும் எழுதி வந்தால் போதும். மறுநாள் ஆய்வகத்தில் அந்தப் பெயரிலிருந்து தேடலைத் தொடங்கலாம். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். புல்வெளியில் வெயில் ஏறிவிட்டால் கல்லில் உள்ள எழுத்தைப் படிக்கக் கண் கூசுகிறது.