மாத்திரை எடுத்தும் மருந்து தோற்பது ஏன்?

அன்பு மகள் தேன்மொழிக்கு,

கூட்டு மருந்து சாப்பிடுகிற எச்.ஐ.வி. நோயாளிகளில் சிலருக்கு மட்டும் மருந்து ஏன் கேட்காமல் போகிறது என்று கேட்டிருந்தாய். ‘ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்’ என்று வார்டில் சொன்னார்களாம். அந்தப் பதிலோடு நீ நின்றுவிடாதது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது ஓயாமல் பிழை செய்யும். சிகிச்சை இல்லாத உடம்பில் ஒரே நாளில் கோடிக்கணக்கில் பெருகுவதால், ஒரு மருந்தைத் தாங்கும் பிழை எங்காவது பிறந்துவிடும். மூன்று மருந்துகளையும் ஒருசேரத் தாங்கும் பிழை மிக அரிது. மூன்று மருந்தைக் கூட்டித் தருவது இதனால்தான். மருந்து முழு அளவில் இருந்தால் வைரஸ் பெருகாது. பெருகாதபோது மாறவும் வழியில்லை. மருந்தே இல்லாதபோது மாறிய வைரசுக்குத் தனி ஆதாயம் கிடையாது. ஆபத்தெல்லாம் நடுவில், ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும் நாட்களில்தான்.

நம் நாட்டில் இலவசச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது; தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அன்றைய கூட்டில் இருந்த நெவிரபின் இந்த ஆபத்துக்கு எடுத்துக்காட்டு. மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் சீக்கிரம் வடிந்துவிடும், நெவிரபின் மட்டும் பல நாள் மெலிதாக நிற்கும். அப்போது வைரஸ் எதிர்கொள்வது ஒற்றை மருந்தை. வைரசின் படியெடுக்கும் நொதியில் 103-ஆம் இடத்தில் ஒரு மாற்றம் போதும், நெவிரபினோடு அதே வகை மருந்தான எஃபாவிரென்சும் தோற்றுவிடும். குழந்தையைக் காக்கப் பிரசவ வேளையில் ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை பெற்ற தாய்மார்கள் பலருக்கும் இதே கதி நேர்ந்தது. அவர்கள் ஒரு வேளையும் தவறவிட்டவர்கள் அல்ல என்பதை நினைவில் வை.

இன்று தரும் டோலுடெக்ராவிரை வைரஸ் அவ்வளவு எளிதில் வெல்வதில்லை. ஆனாலும் கவனம் வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்தால் டோலுடெக்ராவிரின் அளவு ரத்தத்தில் குறையும். ஆகவே வேளைக்கு 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை தர வேண்டும். வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும், எப்போதும் அமிலத்தை ஆற்றும் ஜெல் மருந்தோடும் சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. குழந்தைக்கு எடை கூடியும் பழைய அளவையே தந்தால் அதுவும் அரைகுறைதான். சிலருக்குத் தொற்றும்போதே மாறிய வைரஸ் வந்திருக்கும்.

இனி உங்கள் பாலாற்றுப் பக்கத்தை எண்ணிப் பார். கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கொளத்தூர், மேட்டூர். அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால். கூலி வேலைக்கும் லாரியிலும் எல்லை தாண்டிப் போகிறவர், திரும்ப நாளானால் மாத்திரை தீர்ந்துவிடும். உடன் தங்கியிருப்பவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் டப்பாவைத் திறக்காமலே இருப்பவர்கள் உண்டு. நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பயம் சட்டத்தால் மட்டும் போய்விடுவதில்லை.

எனவே நோயாளியிடம் ‘ஏன் சாப்பிடவில்லை?’ என்று தொடங்காதே. ‘எந்த நாளில் எடுக்க முடியாமல் போகிறது?’ என்று கேள். வெளியூர் போவதாகச் சொன்னால் கூடுதல் மாத மாத்திரைக்கும், தேவைப்பட்டால் அங்குள்ள ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்கு மாற்றவும் ஏற்பாடு செய்யலாம். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரசின் அளவு) 1000-ஐத் தாண்டினால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. தடை என்னவென்று பேசிச் சரிசெய்து, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்தப் பேச்சில் நீ உட்கார வாய்த்தால், அவர் சாப்பிடும் மற்ற எல்லா மருந்தையும், கடையில் தானாக வாங்குவது உட்பட, ஒன்றுவிடாமல் எழுதி வாங்கு.

அன்புடன்,
சித்தப்பா