தராசு பிடிக்கும் கைக்கு ‘டென்னிஸ் எல்போ’



மளிகை வியாபாரிக்குக் கைமுதலைப் போலவே கையும் ஒரு முதல். அந்த முதலுக்கு நட்டம் வரும் வழி ஒன்றையும், அதைத் தடுக்கும் முறையையும் இங்கே பார்ப்போம்.

நம்மில் 40 வயதைக் கடந்த பலர் சொல்லும் குறை இது. மூட்டையைப் பிடித்தால் முழங்கையின் வெளிப்புறத்தில் ‘சுரீர்’ என்கிறது. ஷட்டரை இழுக்க முடியவில்லை. காப்பி டம்ளரைத் தூக்கினாலும் வலிக்கிறது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவார்கள். மருத்துவர்கள் இதை ‘டென்னிஸ் எல்போ’ என்கிறார்கள்.

கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் 2004இல் இதனால் அவதிப்பட்டு, 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது இப்பெயர் நம் ஊர்களிலும் பரவியது. ஆயினும் இந்த வலி கண்டவர்களில் டென்னிஸ் ஆடுவோர் சிறு பகுதியினரே. 1873இல் ரூங்கே என்னும் ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரித்தது, எழுதுவோருக்கு வரும் கைவலி பற்றிய கட்டுரையில்தான். எனவே இது உழைக்கும் கையின் நோய்.

ஏன் வருகிறது?

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து கிளம்புகின்றன. எதை இறுகப் பிடித்தாலும் இத்தசைகள் முறுக்கேறி மணிக்கட்டைத் தாங்குகின்றன. நாள் முழுவதும் அள்ளி, நிறுத்து, பொட்டலம் கட்டி, சிப்பம் இறக்கும்போது எலும்போடு சேரும் தசைநார் இழை இழையாக நைந்துபோகிறது. வலிக்குக் காரணம் வீக்கத்தைவிட இந்தத் தேய்மானமே. ஆகவே நாலு நாள் மாத்திரையில் தீராது. ஆனால் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவையின்றியே குணமாகிவிடுகிறது.

பட்டை அணியும் முறை

மருந்துக்கடையில் கிடைக்கும் ‘எல்போ ஸ்ட்ராப்’ என்னும் பட்டையைப் பலர் வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள். அது தவறு. எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, முன்கையின் சதைப்பற்றான இடத்தில் கட்ட வேண்டும். தசை இழுக்கும் இழுப்பில் ஒரு பங்கைப் பட்டை தாங்கிக்கொள்ள, நைந்த இடத்துக்குச் சுமை குறையும். பட்டை நழுவாத அளவு இறுக்கம் போதும். விரல் மரத்தாலோ, கை நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்த வேண்டும். வேலை நேரத்தில் மட்டும் அணிந்து, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். பட்டை ஒரு துணையே. அதை மாட்டிக்கொண்டு பழையபடி மூட்டை தூக்கினால் பயனில்லை.

கைக்குப் பயிற்சி

கையைக் கட்டிப்போட்டு அசைக்காமலே வைத்திருந்தால் தசை இளைத்துவிடும். கடும் வலி தணிந்த பிறகு, முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரைக் கிலோ எடைக்கல்லைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேலே கொண்டுவர மற்றக் கையின் உதவியைக் கொள்ளுங்கள். 10 முதல் 15 தடவை, நாளுக்கு இருவேளை போதும். இலேசாக வலித்தால் தொடரலாம், கூடினால் நிறுத்துங்கள். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

ஊசி பற்றி

“நாளைக்கே கடை திறக்கணும், ஊசி போட்டு விடுங்க” என்று கேட்பது நம் வழக்கம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் முன்னணியில் நின்றாலும், ஓராண்டு முடிவில் ஊசியே போடாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். பலருக்கு வலி திரும்பியது. அவசரக் கடனுக்கு மீட்டர் வட்டி கட்டுவது போலத்தான் இது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஊசியால் சில நாள் சர்க்கரையும் ஏறும். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கடையில் செய்யக்கூடியவை

சாமானைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கியும், முழங்கை உடம்பை ஒட்டியும் இருக்கட்டும். கையை நீட்டி, உள்ளங்கை கவிழ்ந்த நிலையில் தூக்குவதே அதிகக் கெடுதல். 50 கிலோ மூட்டையை இருவர் பிடிக்கலாம்; தள்ளுவண்டி வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் டின்னைச் சாய்த்து ஊற்றாமல் கைப்பம்பு போடலாம். அடிக்கடி போகும் சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்கலாம். ஷட்டருக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் இடலாம். கூட்டம் குறைந்த பிற்பகலில் சில்லறைப் பொட்டலங்களை ஒரே மூச்சில் கட்டாமல் இடையிடையே கையை ஆற விடலாம்.

நம்மிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கும் இது பொருந்தும். முதலாளிக்கு வலித்தால் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளலாம். பையனுக்கு வலித்தால் வேலை போய்விடுமோ என்று மறைத்துக்கொண்டு தூக்குவான். அவனைக் கேட்டறிந்து, ஒரு மாதம் பில் போடும் வேலைக்கு மாற்றி வைப்பது நம் கடமை. பழகிய ஆளை இழப்பதைவிட அது சிக்கனமும்கூட.

எச்சரிக்கை

கைவலியோடு நெஞ்சில் இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ இருந்தால் அது முழங்கை நோயன்று. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல்கள் மரத்தால் கழுத்து நரம்பையும் பார்க்க வேண்டும். ஆறு வாரம் கவனித்தும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வியாபாரத்தில் நட்டம் வந்தால் அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். தேய்ந்த கையை அப்படி ஈடுகட்ட முடியாது. அன்பர்கள் வலி சிறிதாயிருக்கும்போதே கவனிக்க வேண்டுகிறோம்.