வௌவாலின் மூளையும் உறவுமுறையும்



அந்தி மங்கும் வேளையில் நம் தோட்டத்தின் மேலே வௌவால்கள் பறப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பழமரங்களை நாடி வருவது பெரிய பழந்தின்னி வௌவால். விளக்கொளியைச் சுற்றிப் பூச்சி பிடிப்பது சிறிய வௌவால். உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. இவை யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவைதாமா? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்கள் வௌவால்களின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

நடுமூளையில் முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு சிறு மேடுகள் உள்ளன. முன்மேடுகள் கண் தரும் செய்தியையும், பின்மேடுகள் செவி தரும் செய்தியையும் பெறுகின்றன. பூச்சியுண்ணும் வௌவால், நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இருளில் இரையை அறிகிறது. ஆதலின் அதன் பின்மேடுகள் பருத்துள்ளன. பழந்தின்னி வௌவாலோ பெரும்பாலும் கண்ணாலும் மூக்காலும் உணவைத் தேடுகிறது. ஆதலின் காட்சிக்கும் மணத்திற்கும் உரிய பகுதிகள் அதன் மூளையில் பெருத்துள்ளன.

1986ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பெட்டிகுரு வியப்பான கருத்தொன்றை வெளியிட்டார். பழந்தின்னி வௌவாலின் கண்ணிலிருந்து நடுமூளைக்குச் செல்லும் நரம்புகளின் அமைப்பு, குரங்கினத்தின் அமைப்பை ஒத்திருப்பதை அவர் கண்டார். எனவே அவ்வௌவால் குரங்கினத்திற்கே நெருங்கிய உறவாகலாம் என்றும், சிறிய வௌவால்கள் வேறு வழியில் தோன்றியவை என்றும் கருதினார்.

பின்னர் மரபணு ஆய்வுகள் வேறு விடையைத் தந்தன. வௌவால்கள் அனைத்தும் ஒரே குடும்பமே. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. நம் நாட்டுக் குகைகளில் வாழும் குதிரைலாட வௌவால் எதிரொலியால் பூச்சி பிடிப்பது. ஆயினும் அது மற்றப் பூச்சியுண்ணிகள் பலவற்றைக் காட்டிலும் பழந்தின்னிக்கே நெருங்கிய உறவு என்பதை 2005இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது.

இஃது எவ்வாறு? பால்மரம் வெட்டும் இருவரின் கைகளை உற்று நோக்குங்கள். ஒரே இடத்தில் காய்த்திருக்கும். அதனால் அவ்விருவரும் உடன்பிறந்தோர் ஆகிவிடுவரா? அவர்தம் உடன்பிறந்தார் எழுதுகோல் பிடிப்பவராயின் அவர் கை மென்மையாக இருக்கும். அதனால் உறவு அற்றுப்போகுமா? காய்ப்பு தொழிலைக் காட்டும், பிறப்பைக் காட்டாது. கைக்காய்ப்பு ஒருவரோடு முடிவது. மூளையின் மாற்றமோ பல இலட்சம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வந்தது. இவ்வேறுபாட்டை மறவாதீர். எனினும் இரண்டும் உணர்த்தும் பாடம் ஒன்றே. ஒத்த வாழ்க்கை ஒத்த உறுப்பை உருவாக்கக்கூடும்.

பெட்டிகுருவின் முடிவு நிலைக்கவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா பலரை ஆராயத் தூண்டியது. தவறிவிடுமோ என அஞ்சி வினா எழுப்பாதிருத்தல் கல்விக்கு அழகன்று. ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு ஒருவரின் குலத்தையோ தரத்தையோ முடிவு செய்வதும் அறிவுடைமையன்று.

பயிற்சி வினாக்கள்

1. பூச்சியுண்ணும் வௌவாலின் மூளையில் பருத்திருக்கும் பகுதி யாது? ஏன்?
2. குதிரைலாட வௌவாலின் நெருங்கிய உறவு எது?
3. உங்கள் பெற்றோரின் கைகளைப் பார்த்து, அவை கூறும் தொழிலைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.